கேரெட் கவுண்டியில் பிள்ளையை எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது: நார்தர்னா, சதர்னா?

மேரிலாந்து மாநிலத்தின் மேற்குக் கோடியில், மேற்கு வர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் எல்லையாக அமைய, அப்பலாச்சிய மலைகளின் மேல் இருக்கிறது கேரெட் கவுண்டி. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 29,000-க்குச் சற்றுக் குறைவு. அத்தனை பேருக்கும் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் இரண்டுதான். வடக்கே ஆக்சிடென்ட் என்ற சிற்றூரில் நார்தர்ன் கேரெட் உயர்நிலைப் பள்ளி. தெற்கே கவுண்டியின் தலைமையிடமான ஓக்லாந்தில் சதர்ன் கேரெட் உயர்நிலைப் பள்ளி. இரண்டிலும் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள்.

இங்கே குடிவர நினைக்கும் தமிழ்க் குடும்பம், ஓக்லாந்தில் உள்ள வட்டார மருத்துவமனையில் கிடைத்த வேலையை முன்னிட்டோ, பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்த வேலையை முன்னிட்டோ வருவதாகவே பெரும்பாலும் இருக்கும். ஏழாம், எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்துவிட்டால், வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே எழும் கேள்வி, இரண்டில் எது நல்ல பள்ளி என்பது. ஹோவர்டு, மான்ட்கோமரி போன்ற மேரிலாந்தின் புறநகர்க் கவுண்டிகளில், பள்ளியின் பெயரை வைத்தே வீட்டு விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. கேரெட்டில் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை என்பது என் கருத்து. இரண்டு பள்ளிகளுக்கும் இடையே தரத்தில் இருக்கக்கூடிய வேறுபாட்டைவிட, வீடு, பள்ளி, வேலை ஆகிய மூன்றையும் இணைக்கும் சாலையும், குடும்பம் அங்கே எத்தனை ஆண்டுகள் இருக்கப்போகிறது என்பதுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை.

முதலில், எதில் வேறுபாடு இல்லை என்பதைச் சொல்லிவிடலாம். மேரிலாந்தில் ஊருக்கு ஒரு பள்ளி வாரியம் கிடையாது. 23 கவுண்டிகளுக்கும் பால்டிமோர் நகரத்துக்குமாக மாநிலம் முழுவதற்கும் 24 பள்ளி நிர்வாகங்களே உண்டு. ஆகவே நார்தர்னும் சதர்னும் ஒரே வாரியத்தின் கீழ், ஒரே கண்காணிப்பாளரின் பொறுப்பில், ஒரே ஊதிய அட்டவணைப்படி நியமிக்கப்படும் ஆசிரியர்களைக் கொண்டு இயங்குகின்றன. பள்ளிப் படிப்பை முடிக்கக் குறைந்தது 21 கிரெடிட்டுகள் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள்), 75 மணி நேரச் சேவைக் கற்றல் (சமூகப் பணியோடு இணைந்த கற்றல்), அல்ஜீப்ரா 1, பத்தாம் வகுப்பு ஆங்கிலம், உயிரியல், அரசாங்கம் ஆகியவற்றில் மாநிலத் தேர்வுகள் என்ற நிபந்தனைகளும் இரண்டுக்கும் பொது. பென்சில்வேனியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்து வருபவர்கள், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் வாரியம் வேறு, வரி வேறு, ஆசிரியர் சம்பளம் வேறு என்று இருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

பள்ளியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளிதான். ஆக்சிடென்ட், கிரான்ட்ஸ்வில், ஃபிரெண்ட்ஸ்வில் பகுதிகள் வடக்கைச் சேர்ந்தவை. ஓக்லாந்தும் அதை ஒட்டிய மவுன்டன் லேக் பார்க்கும் லாக் லின் ஹைட்ஸும் தெற்கைச் சேர்ந்தவை. சிக்கல் வருவது நடுவில் இருக்கும் டீப் க்ரீக் ஏரிப் பகுதியில். வீட்டு விளம்பரங்கள் ஏரியின் பெயரைச் சொல்லுமே தவிர, அந்த வீட்டுப் பிள்ளை காலையில் வடக்கே போகுமா தெற்கே போகுமா என்பதை எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. அஞ்சல் முகவரியில் ஓக்லாந்து என்று இருப்பதால் மட்டும் அது சதர்ன் எல்லைக்குள் வந்துவிடும் என்று நம்ப முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் கவுண்டிப் பள்ளி அலுவலகத்துக்குச் சொல்லி, எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து, பேருந்து எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நிற்கும் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அதன் அருமை டிசம்பரில் தெரியும்.

இனி மதிப்பெண்களும் நட்சத்திரங்களும். மேரிலாந்து கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டறிக்கை வெளியிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகிறது. வீடு விற்கும் தளங்களில் தெரியும் பத்துக்கு இத்தனை என்ற எண்களும் பெருமளவு இதே தேர்வு விவரங்களிலிருந்து பிறந்தவைதான். பெரிய பள்ளிக்கு இந்த எண்கள் ஓரளவு பொருள் தரும். ஒரு வகுப்பில் ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே இருக்கும் பள்ளியில், நான்கு பிள்ளைகள் தேர்வன்று தடுமாறினால் தேர்ச்சி விழுக்காடு நான்கு புள்ளிகள் இறங்கிவிடும். அடுத்த ஆண்டு வேறு நான்கு பிள்ளைகள் நன்றாக எழுதினால் ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்துக்கும் கற்பித்தலின் தரத்துக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை. அறிக்கையைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுகளின் விவரத்தை, தனி மாணவர்களை அடையாளம் காண இயலாதபடி, ‘*’ என்ற குறியிட்டு மறைத்துவிடுவார்கள். மிகக் குறைந்த விழுக்காடுகள் ‘5 அல்லது அதற்குக் கீழ்’ என்றும், மிக உயர்ந்தவை ‘95 அல்லது அதற்கு மேல்’ என்றும் மட்டுமே காட்டப்படும். சிற்றூர்ப் பள்ளியின் பக்கத்தில், ஆசியர் என்ற வரிசைக்கு நேராகப் பெரும்பாலும் அந்த ‘*’ குறியைத்தான் காண முடியும்.

இருந்தாலும் அந்த அறிக்கையில் பார்க்கத் தகுந்தவை இரண்டு உண்டு. ஒன்று, பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் இருந்த மாணவர்களின் விகிதம். மற்றொன்று, ஒன்பதாம் வகுப்பு முடிவில் தேவையான கிரெடிட்டுகளைப் பெற்றுச் சரியான பாதையில் இருப்பவர்களின் விகிதம். பள்ளி தன் பிள்ளைகளை எவ்வளவு கவனித்துப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை, தேர்வு மதிப்பெண்ணைவிட இவை நன்றாகக் காட்டும். ஓராண்டை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, நார்தர்னோ சதர்னோ தொடர்ந்து ஒரே திசையில் விலகி நின்றால் மட்டுமே அதைப் பொருட்படுத்தலாம்.

பாடங்களைப் பொறுத்தவரைதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. சதர்ன் இரண்டில் சற்றுப் பெரியது, நார்தர்ன் சிறியது. இரண்டுமே புறநகர்ப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை என்றாலும், இந்தச் சிறு வேறுபாடு கால அட்டவணையில் தெரியும். பாடப் பட்டியலில் கல்லூரித் தரத்தில் அமைந்த ஏ.பி. பாடங்களான ஏ.பி. கால்குலஸ், ஏ.பி. வேதியியல், ஏ.பி. அமெரிக்க வரலாறு என்று அச்சாகியிருப்பது வேறு. அந்த ஆண்டில் போதிய பேர் பதிவுசெய்து, கற்பிக்க ஆசிரியர் கிடைத்து, வகுப்பாக நடப்பது வேறு. அப்படி நடக்கும் வகுப்பும் நாளில் ஒரே ஒரு பாடவேளையில்தான் இருக்கும். அதே பாடவேளையில் பள்ளி இசைக்குழுவின் பயிற்சியோ மூன்றாம் ஆண்டு ஸ்பானிஷ் வகுப்போ வைக்கப்பட்டிருந்தால், பிள்ளை இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதுதான். மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் இந்த நிலை அபூர்வம். இங்கே ஆண்டுதோறும் யாரோ ஒருவருக்கு நேரக்கூடியது. மாணவர் எண்ணிக்கை சற்று மிகுதியாக இருப்பதால், ஒரு மேல்நிலை வகுப்பு கலைக்கப்படாமல் நடக்கும் வாய்ப்பு சதர்னில் ஓரளவு கூடுதல் என்று கருதலாம். அதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது, ஏனெனில் சிறிய பள்ளியில் ஒரு நல்ல இயற்பியல் ஆசிரியர் வந்தாலோ ஓய்வு பெற்றாலோ முழுக் கணக்கும் மாறிவிடும்.

எனவே பள்ளியின் ஆலோசகரிடம் கேட்க வேண்டியது, என்னென்ன பாடங்கள் உண்டு என்பதன்று. கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த ஏ.பி. வகுப்புகள் உண்மையில் நடந்தன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்தனர், அவற்றில் எவை ஆசிரியர் இல்லாமல் இணையவழியில் நடந்தன என்று கேட்க வேண்டும். இரண்டு பள்ளிகளிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் விடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தரவரிசைத் தளமும் தராத ஒப்பீடு கையில் கிடைத்துவிடும்.

கணிதத்தில் முன்னே ஓடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. புறநகர்க் கவுண்டிகளில் ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1, எட்டாம் வகுப்பில் வடிவியல் என்று முடித்துவிட்டு வரும் மாணவி, ஒன்பதில் அல்ஜீப்ரா 2, பத்தில் ப்ரீகால்குலஸ், பதினொன்றில் கால்குலஸ் என்று போனால் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்க உள்ளூர்ப் பள்ளியில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். மேரிலாந்தில் உயர்நிலைப் பள்ளியின் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு கணிதப் பாடம் படித்தாக வேண்டும் என்பதால், அந்த இடைவெளியை வெறுமனே விட்டுவிடவும் இயலாது. அப்போது துணைக்கு வருவது கல்லூரி.

கேரெட் கல்லூரி, மெக்கென்ரி என்ற இடத்தில், இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே யு.எஸ். 219 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஆக்சிடென்ட்டிலிருந்து சற்று அருகில், ஓக்லாந்திலிருந்து சற்றுத் தொலைவில் என்றாலும், இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரமே. 2021இல் சட்டமான மேரிலாந்து கல்விச் சீர்திருத்தத் திட்டத்தின்படி, கல்லூரிக்கும் வேலைக்கும் தகுதி பெற்றதாக மாநிலம் வரையறுத்த நிலையை எட்டிய மாணவர்கள், உயர்நிலைப் பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சிற்றூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏ.பி.யைவிட இதுவே பெரிய வாய்ப்பு என்பேன். ஆனால் கேரெட் கல்லூரியும் சிறிய கல்லூரி; கால்குலஸுக்கு அடுத்த நிலைப் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கிறது, நேரில் நடக்கிறதா என்பதைக் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அங்கே பெறும் கிரெடிட்டுகளை மாநிலத்துக்குள் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்பது எளிது. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் எப்படி நடத்தும் என்பது ஒவ்வொன்றையும் பொறுத்தது.

அதே கல்லூரியைச் சார்ந்த இன்னொரு சலுகையும் உண்டு. கவுண்டியில் வசித்து அங்கேயே உயர்நிலைப் படிப்பை முடிப்பவர்களுக்குக் கேரெட் கல்லூரியில் கல்விக் கட்டணத்தை ஈடுசெய்யும் உதவித்தொகையைக் கவுண்டி நிர்வாகம் 2006 முதல் வழங்கி வருகிறது. இரண்டு பள்ளிகளுக்கும் இது பொது என்பதால் ஒப்பீட்டில் தராசு எந்தப் பக்கமும் சாயாது. எச்-4 விசாவில் (எச் வகை வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பிற உதவிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஈடுசெய்யும் இத்தகைய திட்டங்கள் பொதுவாக ஃபாஃப்சா எனப்படும் மத்திய அரசு மாணவர் உதவி விண்ணப்பத்தை அடிப்படையாகக் கொள்கின்றன; எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் மாணவர் உதவிக்குத் தகுதி இல்லை. பள்ளியில் சொல்லப்படும் எல்லாச் சலுகையும் தம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், விசா நிலையைச் சொல்லியே கேட்பது நல்லது.

தொழிற்பயிற்சியிலும் இதே முட்டுக்கட்டை. மேற்சொன்ன சீர்திருத்தத்தின் இலக்குகளில் ஒன்று, 2030–31 கல்வியாண்டுக்குள் பட்டம் பெறும் மாணவர்களில் 45 விழுக்காட்டினர் பதிவுபெற்ற தொழிற்பழகுநர் பயிற்சியையோ தொழில்துறைச் சான்றிதழையோ முடித்திருக்க வேண்டும் என்பது. இதனால் தொழிற்கல்வி, இத்தகைய கவுண்டிகளில், படிப்பில் பின்தங்கியவர்களுக்கான ஒதுக்கிடம் என்ற பழைய நிலையிலிருந்து விலகி வருகிறது. நம்மவர்கள் அதை எட்டிப் பார்க்காமலேயே தாண்டிப் போவது வீண். ஆனால் பழகுநர் பயிற்சி ஊதியத்தோடு கூடியது. எச்-4 பிள்ளைகள் ஊதியம் பெற்று வேலை செய்ய முடியாது. சான்றிதழ்ப் படிப்புகளில் அந்தத் தடை பொதுவாக இல்லை. கல்லூரியின் தொழிற்பயிற்சி மையம் ஆக்சிடென்ட்டில் இருப்பது நார்தர்னுக்குச் சிறு அனுகூலம்.

இப்போது சாலைக்கும் பனிக்கும் வருவோம். ஓக்லாந்திலிருந்து ஆக்சிடென்ட் சுமார் 20 மைல். கோடையில் அரை மணி நேரம். கேரெட் கவுண்டியில் ஓராண்டில் பொழியும் பனி சராசரியாக 100 அங்குலத்தைத் தாண்டும். 2009–10 குளிர்காலத்தில், வடக்கே ஐ-68 நெடுஞ்சாலையோரம் உள்ள கீசர்ஸ் ரிட்ஜில் 250 அங்குலத்துக்கும் மேல் பதிவானது. வாஷிங்டனில் மழை தூறும் நாளில் இங்கே முழங்கால் அளவு பனி கிடக்கும். விடிவதற்கு முன்பே, இரண்டு மணி நேரத் தாமதம் என்று கைப்பேசியில் செய்தி வரும். பிள்ளையைத் திரும்பப் படுக்கச் சொல்லி அரை மணி ஆவதற்குள், இன்று பள்ளி இல்லை என்று அடுத்த செய்தி வரும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த அரை மணி நேரத்தில் நடக்கும் பேச்சுவார்த்தைகளை விவரிக்கத் தேவையில்லை. நிர்வாகம் ஒன்றே என்பதால் பொதுவாக முடிவும் கவுண்டி முழுவதற்குமாகவே எடுக்கப்படும். வடக்கே சாலை அடைபட்டு, தெற்கே ஓரளவு ஓட்டக்கூடியதாக இருந்தாலும் இரண்டு பள்ளிகளுக்கும் விடுமுறைதான். மேரிலாந்துச் சட்டம் 180 நாட்களையும், உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1,170 மணி நேரத்தையும் கேட்பதால், தவறிய நாட்களை ஜூனில் ஈடுகட்ட வேண்டி வரலாம். ஏ.பி. தேர்வுகளோ நாடு முழுவதும் மே மாதத் தொடக்கத்தில் நடந்துவிடும். பனியால் இழந்த வாரங்கள் தேர்வுக்குப் பிறகு திரும்பக் கிடைத்து என்ன பயன்? ஏ.பி. எழுதும் பிள்ளை மார்ச், ஏப்ரலில் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து ஈடுசெய்துகொள்ள வேண்டும்; எந்தப் பள்ளியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மாற்றம் இருப்பது பள்ளி முடிந்த பிறகு. காலையும் மாலையும் பேருந்து உண்டு. பயிற்சி, ஒத்திகை, மன்றக் கூட்டம் எல்லாம் முடிந்து ஐந்தரை மணிக்கு நிற்கும் பிள்ளையை யாராவது போய் அழைத்து வர வேண்டும். மேரிலாந்தில் 15 வயது 9 மாதத்தில்தான் பழகுநர் அனுமதி. 16 வயது 6 மாதத்தில்தான் தற்காலிக ஓட்டுநர் உரிமம். அதாவது பொதுவாக ஒன்பதாம், பத்தாம் வகுப்பு முழுவதும், பதினொன்றிலும் ஒரு பகுதி, ஓட்ட வேண்டியது பெற்றோர். மருத்துவமனையில் அழைப்புப் பணியில் இருப்பவர் அவசரத்துக்கு ஓக்லாந்தை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அவர் ஏரிக்கரை அழகில் மயங்கி வடக்கு எல்லையில் வீடு எடுத்துவிட்டு, பிள்ளை ஆக்சிடென்ட்டிலும் தாம் ஓக்லாந்திலுமாக ஜனவரி மாலையில் 219இல் உப்பு லாரிக்குப் பின்னால் ஊர்வது, தாமாகத் தேடிக்கொள்ளும் துன்பம். மறுதலையாக, ஃபிராஸ்ட்பர்க்கிலோ மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனிலோ பல்கலைக்கழக வேலை பார்ப்பவருக்கு ஐ-68 உயிர்நாடி. அவருக்கு கிரான்ட்ஸ்வில், ஃபிரெண்ட்ஸ்வில், ஆக்சிடென்ட் ஆகியவையே பொருத்தம். மளிகைக்கும் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் வடக்கிலிருந்து போவது சற்று எளிது என்பதையும், பள்ளிக்குத் தொடர்பில்லாத செய்தி என்றாலும், சொல்லி வைக்கிறேன்.

பள்ளி வாழ்க்கையைப் பற்றிச் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். விளையாட்டில் இரண்டும் மாநிலத்தின் மிகச் சிறிய பிரிவான 1ஏ-யில் ஆடுபவை. நார்தர்னின் அடையாளம் ஹஸ்கி நாய், சதர்னின் அடையாளம் செம்மறிக் கடா. ஊர் முழுவதும் திரண்டு வரும் போட்டி இந்த இரண்டும் மோதும் நாள்தான். பெரிய பள்ளியில் அணித் தேர்வின்போதே வெளியேற்றப்படும் பிள்ளைக்கு இங்கே சட்டை கிடைத்துவிடும். நாடகத்திலும் மாணவர் மன்றத்திலும் அப்படியே. கல்லூரி விண்ணப்பத்தில் இதற்கு மதிப்பு உண்டு. நார்தர்ன் வளாகத்தை ஒட்டி ஹிக்கரி சுற்றுச்சூழல் கல்வி மையம் இருப்பது, உயிரியலிலும் காடு, நீர் தொடர்பான படிப்புகளிலும் நாட்டமுள்ள பிள்ளைக்கு உண்மையான ஈர்ப்பு. ஓக்லாந்தில் மருத்துவமனை இருப்பதால் மருத்துவத் துறையை அருகிலிருந்து பார்க்க விரும்பும் பிள்ளைக்குத் தெற்கு வசதி. கவுண்டி மக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். இரண்டு பள்ளிகளில் எதில் சேர்ந்தாலும் உங்கள் பிள்ளை வகுப்பில் ஒரே இந்திய முகமாக இருக்கக்கூடும். பதினான்கு வயதில் அதைத் தாங்கும் இயல்பு பிள்ளைக்கு உண்டா என்பதைப் பெற்றோர்தான் அறிவார்கள்; பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாத விஷயங்களில் இது முதலாவது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இது நான்காண்டுக் கேள்வி. மாநிலம் கவுண்டிகளுக்கு நிதி பகிரும்போது மாணவர் எண்ணிக்கையையும் கவுண்டியின் செல்வ நிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. டீப் க்ரீக் ஏரியைச் சுற்றி, வெளியூர்ச் செல்வந்தர்கள் விடுமுறைக்காகக் கட்டிய வீடுகளின் மதிப்பும் அந்தச் செல்வத்தில் சேர்ந்துவிடுவதால், அங்கேயே வாழ்பவர்களின் வருமானம் பெரிதாக இல்லாதபோதும் கவுண்டி காகிதத்தில் பணக்காரக் கவுண்டியாகத் தெரிகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வர, மாநில நிதி சுருங்கி, 2010களின் தொடக்கத்தில் சில சிறிய தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய நெருக்கடி வரும்போதெல்லாம் ஆசிரியர் பணியிடங்கள் குறைவதும் பள்ளிகளை இணைக்கலாமா என்ற பேச்சு எழுவதும் எதிர்பார்க்கக்கூடியவை. அந்தப் பேச்சில் சிறிய பள்ளிக்கு ஆபத்து சற்று அதிகம். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு வடக்கே வீடு வாங்க நினைப்பவர், வாரியக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கடந்த ஓராண்டுக்காவது படித்துவிட வேண்டும். அவை பொது ஆவணங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

மருத்துவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்து, மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் பணிபுரிவதாக ஒப்புக்கொண்டு, தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறும் கான்ராட் திட்டத்தின் கட்டாயப் பணிக்காலம் மூன்று ஆண்டுகள். உயர்நிலைப் பள்ளியோ நான்கு ஆண்டுகள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போது பணியில் சேர்ந்தால், ஒப்பந்தம் முடியும் கோடைக்கு அடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு நிற்கும். அந்த நேரத்தில் நகரத்துக்கு மாற நினைத்தால், பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியர்களை விட்டுவிட்டு, யாரையும் அறியாத பள்ளியிலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். வேறு மாநிலத்துக்குப் போனால் கிரெடிட் நிபந்தனைகளும் மாறும். நான்காம் ஆண்டையும் சேர்த்தே கணக்கிட்டு வருவது அல்லது பிள்ளை ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே வந்து ஒன்பதுக்கு முன் கிளம்புவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வது, நார்தர்னா சதர்னா என்பதைவிடப் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கும் முடிவு.

இரண்டுமே வேண்டாம் என்று மார்கன்டவுனில் குடியிருந்து மலையேறி வேலைக்கு வருவோரும் இருக்கலாம். அங்கே உள்ள மார்கன்டவுன் உயர்நிலைப் பள்ளியும் யுனிவர்சிட்டி உயர்நிலைப் பள்ளியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட பெரிய பள்ளிகள். பல்கலைக்கழக ஊர் என்பதால் இந்தியப் பிள்ளைகளும் உண்டு. மேல்நிலைப் பாடங்களும் நிறைய. விலை என்னவென்றால், குளிர்காலத்தில் நாள்தோறும் போக ஒரு மணி நேரமாவது, வர ஒரு மணி நேரமாவது ஆகும். மேரிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டண உரிமை போய்விடும், பதிலுக்கு மேற்கு வர்ஜீனியாவில் அது கிடைக்கலாம். அழைப்புப் பணி உள்ளவருக்கு இது நடக்காத காரியம்.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஓக்லாந்து மருத்துவமனையில் வேலை, ஒன்பதாம் வகுப்பில் நுழையப்போகும் பிள்ளை, நான்கு ஆண்டுகள் இருக்கும் எண்ணம் என்றால் சதர்ன். வீட்டையும் மவுன்டன் லேக் பார்க் பக்கமாகவே பார்க்கலாம். வேலை ஐ-68 வழியே என்றால் நார்தர்ன், அதிலும் பிள்ளைக்கு இயற்கை அறிவியலில் ஆர்வம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. கணிதத்தில் இரண்டாண்டு முன்னே இருக்கும் பிள்ளைக்கு, எந்தப் பள்ளி என்று பார்ப்பதற்கு முன் கேரெட் கல்லூரியின் அடுத்த ஆண்டுக் கணித வகுப்புகளைப் பார்க்க வேண்டும். அங்கே இடமில்லை என்றால் மார்கன்டவுனைப் பற்றி யோசிக்கலாம். அழைப்புப் பணி அதற்கு இடம் தராதபோது, கல்லூரிப் பாடத்தை இணையவழியில் படிக்கவும் அதைப் பள்ளிக் கிரெடிட்டாக ஏற்கவும் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்.

பள்ளிகளைப் பார்க்கப் போவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி. அடுத்த ஆண்டுக்கான பாடப் பதிவு நடக்கும் பருவம் அது. எந்த வகுப்பு நடக்கும், எது கலையும் என்பது ஆலோசகருக்குத் தெரியத் தொடங்கியிருக்கும். பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முடித்த கணிதப் பாடங்களின் விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, முதல் நாள் மாலையே ஓக்லாந்துக்கு வந்து தங்கி, காலையில் பேருந்து புறப்படும் நேரத்துக்கு, பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து பள்ளி வரை ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.